அம்மாவுக்கு வந்த கிட்னி நோயையே நான் ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா?

தாமிரபரணி22:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி பயோடெக் கடைசி வருஷம் படிக்கிறேன், திருநெல்வேலிப் பக்கம். எங்கம்மாவுக்கு 48 வயசு. பாலிசிஸ்டிக் கிட்னி, அதாவது கிட்னி முழுக்க நீர்க்கட்டி வர்ற பரம்பரை நோய். ஒன்றரை வருஷமா டயாலிசிஸ்ல இருக்காங்க. செவ்வாய், வியாழன், சனி. காலைல அஞ்சரை மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் முதல் ஷிஃப்ட்ல பெட் கிடைக்கும். மாமாவுக்கும் இதே நோய்தான், இன்னும் டயாலிசிஸ் வரைக்கும் போகலை. அம்மாவைப் பெத்த தாத்தா அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே இறந்துட்டார். "கிட்னி கெட்டுப்போச்சு"ன்னு மட்டும் வீட்ல சொல்வாங்க.

டயாலிசிஸ் நடக்கிற நாலு மணி நேரம் வெளிய பெஞ்சுல உட்கார்ந்துதான் நெட் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைச்சா பிஎச்டி சேரணும், அதுவும் மரபணுவால வர்ற சிறுநீரக நோயில பண்ணணும்னு ஆசை. ஆனா என் புராஜெக்ட் கைடு, "சொந்த வீட்டு நோயை எடுக்காதே, கண்ணை மறைக்கும்"ங்கிறார். ஹாஸ்டல் நண்பன் வேற மாதிரி சொல்றான்: "ஜீனை 1994லயே கண்டுபிடிச்சாச்சு, முப்பது வருஷமாகியும் குணப்படுத்த முடியலை. அதுல நீ போய் என்ன பண்ணப் போற?"

இந்தத் துறையில ஒரு ஆராய்ச்சியாளரோட வாழ்க்கை உண்மையில எப்படி இருக்கும்? தினமும் என்ன வேலை? ஒரு ஆயுசுல ஏதாவது நடக்குமா? உள்ளே இருந்தவங்க யாராவது சொன்னா நல்லாருக்கும்.


நுண்குழல்:

தம்பி, நான் 17 வருடம் இந்த நோயோடு ஆய்வகத்தில் இருந்தவள். பிஎச்டி இங்கே, அதற்குப் பிந்தைய ஆராய்ச்சி (போஸ்ட்டாக்) அமெரிக்காவில். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் நண்பருக்குப் பதில். 1994இல் ஜீன் கிடைத்தது உண்மை. அது கிடைத்த விதத்தையும் அவருக்குச் சொல்லுங்கள். போர்ச்சுக்கல்லைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் 16ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் முறிந்து, இடம் மாறி ஒட்டியிருந்தன. இருவருக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். மகனுக்கு 16இன் நுனித் துண்டு ஒன்று வந்து சேரவே இல்லை, அவனுக்கு வேறொரு மரபணு நோய். முறிந்த இடத்தைத் துருவிப் பார்த்தபோது அங்கே கிடந்ததுதான் பிகேடி1 என்ற ஜீன். அந்த நோய் 16ஆம் குரோமோசோமில்தான் எங்கோ இருக்கிறது என்று ஸ்டீபன் ரீடர்ஸ் குழு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து எழுதியது 1985இல். எந்த ஜீன் என்று தெரிய ஒன்பது வருடம். 1996இல் இதே நோயைத் தரும் இரண்டாவது ஜீன், பிகேடி2, கிடைத்தது. சரி, கிடைத்த பிறகு? அந்தப் புரதம் செல்லில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்கிறது என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. வேலையே அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒரு ஆயுசுல ஏதாவது நடக்குமா" என்ற கேள்விக்கு ஒருவருடைய கதையைத்தான் சொல்ல முடியும். ஜாரெட் கிராந்தம். 1936இல் பிறந்து 2016இல் மறைந்தவர், கன்சாஸ் மாநிலத்துக்காரர். அவரோடு வேலை செய்தவள் இல்லை நான். அவருடைய பேப்பர்களைப் படித்து வளர்ந்தவள். அவருடைய சிறுவயதுத் தோழர் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. உங்கள் கைடிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நெருங்கினவருக்கு வந்த நோயை எடுத்தவர்தான், கண் மறைக்கவில்லை.

1960களில் அவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மாரிஸ் பர்க் என்பவரோடு சேர்ந்து ஒரு வித்தையைக் கற்றார். முயலின் சிறுநீரகத்தில் இருந்து ஒரே ஒரு நுண்குழாயைப் பிரித்து எடுப்பது. தலைமுடியை விட மெல்லியது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் தேறும். அதன் இரண்டு முனையையும் கண்ணாடிப் பிப்பெட்டில் பிடித்து, உள்ளே திரவத்தை ஓட விட்டு, எவ்வளவு தண்ணீர் சுவரைத் தாண்டி வெளியே போகிறது என்று அளப்பது. நானும் பிரித்திருக்கிறேன். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இரண்டு ஊசி முனை ஃபோர்செப்ஸ். மூச்சை இழுத்தால் கை ஆடும், அதனால் மூச்சை விட்டுவிட்டு அந்த இடைவெளியில்தான் இழுக்க வேண்டும். முதல் நான்கு மாதம் எனக்கு ஒரு குழாய்கூட முழுசாக வரவில்லை. நார் நாராகக் கிழிந்து வரும். ஒருநாள் சாயங்காலம் ஒன்று வழுக்கிக்கொண்டு முழுதாக வந்தது, நீளமாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி. அன்றைக்கு நான் சாப்பிட மறந்துவிட்டேன்.

1966இல் கிராந்தமும் பர்க்கும் அந்தக் குழாய் மேல் வாசோபிரெஸின் விட்டுப் பார்த்தார்கள். உடம்பில் தண்ணீர் குறையும்போது மூளையில் இருந்து இறங்கி, சிறுநீரகத்திடம் "தண்ணீரை வெளியே விடாதே" என்று சொல்கிற ஹார்மோன் அது. குழாய்ச் சுவர் தண்ணீருக்கு வழி விட்டது. ஹார்மோனுக்குப் பதிலாக, செல்லுக்குள் அதன் சேதியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறை விட்டாலும் அதேதான் நடந்தது. இந்த இரண்டு பெயரையும் மறந்துவிடாதீர்கள்.

1969இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1973இல் இன்னொன்று. சிறுநீரக நுண்குழாய் திரவத்தை உறிஞ்சத்தான் செய்யும் என்று எல்லோரும் படித்துக்கொண்டிருந்த காலம். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்த சீரத்தில் முயல் குழாயை வைத்தபோது அது உள்நோக்கித் திரவத்தைச் சுரந்தது. இங்கேதான் அவருடைய புத்தி வேலை செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நீர்க்கட்டி என்பது குழாயின் ஒரு பக்கம் புடைத்து வளர்வது. கொஞ்சம் பெரிதானதும் பெரும்பாலான கட்டிகள் தாய்க்குழாயில் இருந்து அறுந்து தனியாகிவிடும். உள்ளே வர வழி இல்லை, வெளியே போகவும் வழி இல்லை. ஆனாலும் வருடக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகிறது. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மற்றவர்கள் ஜீனைத் துரத்திக்கொண்டிருந்த வருடங்களில் இந்த ஒரு கேள்வியை அவர் கையை விட்டு இறக்கவே இல்லை. 1989இல் அவர் குழு நாயின் சிறுநீரகச் செல்களைக் கொலாஜன் ஜெல்லில் வளர்த்து, சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் அவை கட்டியாகிப் பெருக்கின்றன என்று காட்டியது. சுவரில் உள்ள செல்களேதான் திரவத்தைச் சுரக்கின்றன. 2000இல் அதே கன்சாஸில் இருந்து, நோயாளிகளின் கட்டிச் செல்கள் சைக்ளிக் ஏஎம்பி கிடைத்தால் பெருகுகின்றன, நல்ல சிறுநீரகச் செல்கள் அப்படிப் பெருகவில்லை என்ற முடிவு வந்தது.

அந்தச் செல்கள் எப்படிக் கிடைக்கும் என்று யோசித்தீர்களா? மாற்று அறுவை செய்யும்போதோ அதை ஒட்டியோ சில பேருக்குப் பழைய சிறுநீரகத்தை எடுக்க வேண்டி வரும். அவர்கள் சம்மதித்தால் அது ஆய்வகத்துக்கு வரும். போஸ்ட்டாக் சமயம் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு அப்படி ஒன்று வந்தது. ஐஸ் பெட்டியில், இரட்டைப் பிளாஸ்டிக் பை. தராசில் வைத்தேன், மூன்று கிலோவுக்கு மேல். நல்ல சிறுநீரகம் ஒன்று 150 கிராம் இருக்கும். மேலே திராட்சைக் குலையை நெருக்கிக் கட்டின மாதிரி. ஒவ்வொரு கட்டியிலும் ஊசி போட்டுத் திரவத்தை இழுத்தேன். ஒன்றில் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் உள்ளதில் வைக்கோல் நிறம். அதற்கடுத்ததில் காப்பி டிகாஷன் மாதிரி, உள்ளே எப்போதோ கசிந்த பழைய ரத்தம். விடிகாலை நான்கு மணி வரை 60 குழாய்களில் நிரப்பி எண் போட்டேன். பையில் பெயர் இருக்காது, ஒரு எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒருவர் இத்தனை வருடம் இதை வயிற்றில் சுமந்து நடந்திருக்கிறார், படி ஏறியிருக்கிறார், வேலைக்குப் போயிருக்கிறார். அன்று முதல் எந்த மாதிரியையும் நான் அலட்சியமாகத் தூக்கிப் போட்டதில்லை.

கிராந்தம் செய்த இன்னொரு பெரிய காரியம் கொஞ்சம் சலிப்பூட்டுவது போலத் தெரியும், ஆனால் மருந்து வந்ததே அதனால்தான். இந்த நோயில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) இருபது முப்பது வருடம் நன்றாகவே இருக்கும். மிச்சமிருக்கிற நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள், கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், திடீரென்று ஒருநாள் ரிப்போர்ட் ஏறியிருக்கும். அப்படியானால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க முப்பது வருடம் காத்திருப்பதா? அதனால் 241 நோயாளிகளுக்கு வருடாவருடம் எம்ஆர்ஐ எடுத்துச் சிறுநீரகத்தின் கன அளவையே அளந்தார்கள். 2006இல் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. வருடத்துக்குச் சராசரியாக 5.27 சதவீதம் பெருக்கிறது. மூன்றே வருடத்தில் அளந்து சொல்லக்கூடிய ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

இதற்கிடையில் 2003இல் வின்சென்ட் கேட்டோன், விசென்டே டாரஸ், பீட்டர் ஹாரிஸ் ஆகியோர் வாசோபிரெஸினைத் தடுக்கும் ஒரு மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, கட்டி வளர்வது குறைவதைக் காட்டினார்கள். அடுத்து மனிதர்களுக்கு, அதே வகை மருந்தான டோல்வாப்டான். 1445 நோயாளிகள், மூன்று வருடம், 2012இல் முடிவு: மருந்து எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் பெருத்தது வருடத்துக்கு 2.8 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 5.5. ஜப்பான் 2014இல் அனுமதித்தது. அமெரிக்கா 2018 ஏப்ரலில், கிராந்தம் இறந்து ஒன்றரை வருடம் கழித்து. 1966இல் முயல் குழாயில் தொட்ட அதே ஹார்மோன், அதே சைக்ளிக் ஏஎம்பி. 52 வருடம்.

இது குணப்படுத்தும் மருந்து இல்லை, வேகத்தைக் குறைப்பது. ராத்திரி முழுக்கச் சிறுநீர் கழிக்க எழ வேண்டும், கல்லீரலை அடிக்கடிப் பரிசோதிக்க வேண்டும். டயாலிசிஸுக்கு வந்துவிட்டவர்களுக்குப் பயன் இல்லை. உங்கள் அம்மாவுக்கு உதவாது தம்பி. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று ஆகும். மாமாவுக்கு உதவுமா என்பதை அவருடைய நெஃப்ராலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

தினசரி வேலை என்று கேட்டீர்கள். எலி குட்டி போடக் காத்திருப்பது, செல்லுக்கு மீடியா (வளர்ப்புத் திரவம்) மாற்றுவது, ஒரே சோதனையை ஒன்பதாவது தடவை செய்வது. நான் இரண்டே முக்கால் வருடம் வளர்த்த எலி வரிசையின் முடிவை, நான் எழுத உட்கார்ந்த மாதத்தில் வேறொரு குழு வெளியிட்டது. ஒரு வாரம் ஆய்வகத்துக்கே போகவில்லை. பிறகு எங்கள் தரவை அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்கள் கவனிக்காத ஒன்று எங்களிடம் இருந்தது. அதுதான் என் முதல் நல்ல பேப்பர்.

துறை எவ்வளவு அகலம் என்பதற்கு ஒன்று மட்டும். 1999இல் மாரீன் பார் என்பவர் உருளைப்புழுவில் ஆண் புழு எப்படித் தன் இணையைக் கண்டுகொள்கிறது என்று தேடியபோது, கிடைத்த ஜீன் பிகேடி1இன் உறவாக இருந்தது. அந்தப் புரதம் நரம்பு செல்லின் சீலியத்தில், அதாவது செல்லில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முடி போன்ற உறுப்பில் இருந்தது. அடுத்த வருடமே கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியின் வாலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த கிரெகரி பசூர் குழு, சிறுநீரகக் கட்டியுள்ள ஒரு எலி வகையின் குழாய்ச் செல்களில் சீலியம் குட்டையாக இருப்பதைக் காட்டியது. பாசியும் புழுவும் பார்த்தவர்கள்தான் உங்கள் அம்மாவின் நோய்க்கு இருப்பிடம் சொன்னார்கள். அதனால் "கிட்னி லேப்" என்று பலகை போட்ட இடத்தில் மட்டும் தேடாதீர்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களை நிரப்புங்கள், இறந்தவர்களுக்குக் குறுக்குக் கோடு, இறந்த வயது. அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வரையுங்கள்.


ஸ்கேன்ரூம்:

அக்கா ஆராய்ச்சியைச் சொல்லிட்டாங்க. நான் அல்ட்ராசவுண்ட் பாக்குற ரேடியாலஜிஸ்ட். தம்பி, நீங்க உங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை. இது ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய். பிபி பார்த்தீங்களா?

குடும்பத்துல இருக்கும்போது 15லேர்ந்து 39 வயசுக்குள்ள ரெண்டு கிட்னியிலயும் சேர்த்து மூணு கட்டி தெரிஞ்சாலே போதும், நோய் இருக்குன்னு சொல்லிடலாம். தெரியலைன்னா, முப்பது வயசுக்கு முன்னாடி அதை வெச்சு முழுசா இல்லைன்னு சொல்ல முடியாது, முக்கியமா பிகேடி2 குடும்பமா இருந்தா. பார்க்கிறதும் பார்க்காததும் உங்க முடிவு. வற்புறுத்தலை. எங்கிட்ட வர்ற பசங்க பாதிப் பேரு கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவாங்க, அது எனக்குப் புரியும். ஆனா பிபியை மட்டுமாவது பார்த்துடுங்க. சின்ன வயசுலயே பிபியை நல்லா இறக்கி வெச்சா கிட்னி பெருக்கிற வேகம் குறையுதுன்னு 2014ல ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கு. அதுக்கு வெளிநாட்டு மருந்தெல்லாம் வேண்டாம், சாதாரண பிபி மாத்திரைதான். யாராவது அம்மாவுக்குக் கிட்னி கொடுக்க முன்வந்தா, சொந்தத்துல இருக்கிறவங்களை முதல்ல ஸ்கேன் பண்ணாம பேச்சையே எடுக்காதீங்க.

தண்ணி நிறையக் குடிச்சா வாசோபிரெஸின் தானா குறையுமே, மருந்து எதுக்குன்னு அடுத்து யாராவது கேப்பாங்க. ஆஸ்திரேலியாவுல மூணு வருஷம் அதைச் செஞ்சு பார்த்தாங்க, வித்தியாசம் வரலை. டயாலிசிஸ்ல இருக்கிற அம்மாவுக்கு யாராவது அந்த யோசனையைச் சொல்லிடப் போறாங்க, பார்த்துக்கோங்க. அவங்களுக்குத் தண்ணி அளவு டாக்டர் சொன்னதுதான்.


எக்ஸோம்:

நான் ஒரு ஜெனெடிக் டெஸ்டிங் லேபில் ரிப்போர்ட் எழுதுகிறேன். எலி வளர்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு என்று சொல்லத்தான் வந்தேன்.

பிகேடி1 எங்களுக்குத் தலைவலி கொடுக்கும் ஜீன். அதே 16ஆம் குரோமோசோமில், அதன் முன்பகுதியைப் பார்த்து எழுதின மாதிரி ஆறு போலி ஜீன்கள் இருக்கின்றன. சாதாரண சீக்வென்சிங்கில் டிஎன்ஏ சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கப்படும். ஒரு துண்டில் எழுத்து மாறியிருந்தால் அது நிஜ ஜீனில் இருந்து வந்ததா, போலியில் இருந்தா என்று தெரியாது. அதனால் நிஜ ஜீனில் மட்டும் ஒட்டுகிற பிரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) போட்டு, நீளமான துண்டாகப் பெருக்கி, அதற்குப் பிறகுதான் படிக்க வேண்டும். போன வாரம் ஒரு மாற்றத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்தேன். கடைசியில் அது போலியில் இருந்து வந்தது. "நோய்க்காரணம்" என்று நான் அவசரப்பட்டு எழுதியிருந்தால் ஒரு பெண் அதை நம்பித் தன் தம்பியின் சிறுநீரகத்தை ஏற்றிருப்பாரோ மறுத்திருப்பாரோ, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, நம் ஊர்க் குடும்பங்களின் தரவு உலகத் தரவுத்தளங்களில் குறைவு. ஒரு மாற்றம் நோயைத் தருமா, வெறுமனே நம் ஆட்களிடம் சகஜமாக இருப்பதா என்று சொல்ல முடியாமல் "பொருள் தெரியாத மாற்றம்" என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. மூன்று தலைமுறை ஒத்துழைக்கும் ஒரு குடும்பம் வந்தால் அந்தச் சந்தேகம் தீர வழி பிறக்கும். நுண்குழல் அக்கா மரம் வரையச் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள்.


தாமிரபரணி22:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு தடவை படிச்சேன். அக்கா, அந்த மூணு கிலோவைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஃபோனை ஓரமா வெச்சுட்டேன். அம்மாவும் வயிறு கனக்குது, குனிஞ்சு கோலம் போட முடியலைன்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டிருந்தாங்க. நாங்க கேஸ்னு நினைச்சு ஓமவாட்டர் வாங்கிக் கொடுத்தோம்.

பிபி பார்த்தேன் சார். ஆஸ்பத்திரியிலயே, அம்மாவுக்குப் பார்க்கிற சிஸ்டர்தான் பார்த்தாங்க. 142/92. ஓடி வந்ததால இருக்கும்னு பத்து நிமிஷம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தாங்க. 140/90. ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை டோக்கன் போட்டிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

மரம் சனிக்கிழமை வரைஞ்சேன். அம்மா ஒரு கையில ஊசியோட படுத்துக்கிட்டே சொன்னாங்க, நான் ஹெபாரின் அட்டைப்பெட்டியைப் பிரிச்சு அதோட உள்பக்கத்துல வரைஞ்சேன். தாத்தா 51 வயசுல. தாத்தாவோட அக்கா ஒருத்தங்க இருந்திருக்காங்க, அவங்க பேரே நான் கேள்விப்பட்டதில்லை. அவங்க "தலைல ரத்தக்குழாய் வெடிச்சு" 39 வயசுல வயல்லயே விழுந்து இறந்தாங்களாம். பேய் அடிச்சுடுச்சுன்னுதான் ஊர்ல பேசினாங்களாம். அவங்களை நிரப்பணுமா, வெறும் வட்டமா விடணுமா?


நுண்குழல்:

வட்டத்துக்குள்ளே ஒரு கேள்விக்குறி போடுங்கள், கீழே 39 என்று எழுதுங்கள். நிரப்ப வேண்டாம், நமக்குத் தெரியாது. ஆனால் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வந்து வெடிப்பது இந்த நோய்க் குடும்பங்களில் மற்றவர்களை விட அதிகம். அந்த ஒரு வரியை அம்மாவின் டாக்டரிடமும் மாமாவின் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். தலைக்கு எம்ஆர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். திங்கட்கிழமை ஸ்கேன் எப்படி வந்தாலும் உங்களுக்கும் இது பொருந்தும்.

அந்தப் பெரிய பாட்டிக்குப் பிள்ளைகள் உண்டா? அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். திங்கட்கிழமை துணைக்கு யாராவது வருகிறார்களா? இல்லையென்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள், ஸ்கேன் முடியும் வரை ஃபோனில் கூட இருக்கிறேன்.


தாமிரபரணி22:

பொண்ணு ஒருத்தங்க இருக்காங்களாம் அக்கா, அம்பாசமுத்திரத்துல. அறுபது வயசு இருக்கும். அம்மா ஃபோன் நம்பர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. தனிமடல் அனுப்பிட்டேன்.